நல்ல றெஸ்லிங் போட்டியை எப்படி அடையாளம் காண்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையில் றெஸ்லிங் பற்றி ஒரு சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, பக்கத்து வீட்டு ஜெனரேற்றரில் ஓடிய ரீவியில் முதல் போட்டியைப் பார்த்தேன். முற்றம் நிறையச் சனம் இருந்தது. அன்று தொடங்கியது இன்னும் விடவில்லை. இங்கே இருக்கும் கேள்விகளில் பாதி பெடியள் கேட்டவை. மற்றவை அவர்களின் அம்மா அப்பாவும் வாசிகசாலைக்கு வரும் வயதானவர்களும் கேட்டவை.

அண்ணை, எல்லாம் முதலே பேசி வைத்த முடிவுதானே? பிறகு அதில் என்ன பார்க்க இருக்கிறது?

ஓம், பேசி வைத்த முடிவுதான். இது இரகசியம் இல்லை. 1989இல் இந்தப் போட்டிகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமே நியூ ஜேர்சி மாநிலச் சட்டசபைக்கு அதைச் சொல்லிவிட்டது. விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுப்பாடுகளும் வரியும் தங்களுக்குப் பொருந்தாது, தாங்கள் நடத்துவது பொழுதுபோக்கு என்று காட்டுவதற்காகச் சொன்னார்கள். அப்போது அதன் பெயர் டபிள்யூ.டபிள்யூ.எஃப். இன்றும் எங்கள் ஊரில் பலருக்கு அந்தப் பெயர்தான் வாயில் வரும். 2002இல் அது டபிள்யூ.டபிள்யூ.ஈ. ஆனது.

முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வட்டக்களரியைச் சுற்றி இருக்கும் அத்தனை பேருக்கும் கோவலன் வெட்டுப்படுவான் என்று தெரியும். அம்மம்மாவுக்கு அது அறுபது வருடமாகத் தெரியும். ஆனாலும் விடியப்புறம் கண்ணகி சிலம்போடு களரிக்குள் வந்தால் அவர் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார். அடுத்த நாள் வீட்டில் கதைப்பது, இந்த முறை கண்ணகிக்கு ஆடியவர் அந்த இடத்தை எப்படிப் பிடித்தார், போன முறை ஆடியவரோடு பார்த்தால் எப்படி என்பதுதான். முடிவு எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் இப்படிக் கதைக்க முடிகிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். யார் வெல்வது, எப்படி முடிப்பது, நடுவில் வரும் இரண்டு மூன்று முக்கியமான இடங்கள், இவ்வளவைத்தான் பெரும்பாலும் முதலே பேசுவார்கள். மிச்சத்தைக் கோதாவுக்குள் நின்றபடியே, சனத்தின் சத்தத்தைக் கேட்டு, காதுக்குள் சொல்லிச் சொல்லிக் கட்டிக்கொண்டு போவார்கள். தலைப்பிடி போட்டுக்கொண்டு அசையாமல் கிடக்கும் நேரத்தில் பெரும்பாலும் அடுத்தது என்ன என்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். நடுவரும் அவர்களுக்கு இடையே செய்தி கொண்டு போவார். ராண்டி சாவேஜ் போல, முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை எழுதி வைத்து மனப்பாடம் செய்தவர்களும் இருந்தார்கள். இரண்டு வழியிலும் நல்ல போட்டிகள் வந்திருக்கின்றன.

அப்படியென்றால் அடியும் பொய்யா?

விழுவது உண்மை. கோதாவின் அடியில் இரும்புச் சட்டம், அதற்கு மேலே பலகை, பலகைக்கு மேலே மெல்லிய மெத்தை, அதற்கு மேலே இழுத்துக் கட்டிய துணி. மெத்தைக் கட்டிலில் விழுவதுபோல நினைத்துவிட வேண்டாம். நாடியை நெஞ்சோடு அழுத்தி, முதுகை அகலமாகக் கொடுத்து, கையால் தரையை அறைந்து விழுவதற்குப் பழகுவார்கள். அப்படி விழுந்தாலும் வருடக் கணக்கில் விழும்போது முதுகும் முழங்காலும் போய்விடும்.

1997 ஓகஸ்ட் 3ஆம் திகதி ஸ்டீவ் ஆஸ்டினை ஓவன் ஹார்ட் தலைகீழாகப் பிடித்து இருந்தபடி இறக்கினார். தலை தரையில் பட்டு, கொஞ்ச நேரம் ஆஸ்டினால் கை காலை அசைக்க முடியவில்லை. அந்தக் கழுத்துக் காயம் அவரின் விளையாட்டு வாழ்க்கையையே சுருக்கியது. ஜப்பானின் மிட்சுஹாரு மிசாவா 2009 ஜூன் 13ஆம் திகதி ஹிரோஷிமாவில், ஆயிரம் தடவை வாங்கிய ஒரு பின்பக்க எறிதலை இன்னொரு தடவை வாங்கி, அன்றிரவே இறந்துபோனார். "பொய்ச் சண்டை" என்று யாராவது சொன்னால் நான் இந்த இரண்டு பேரையும்தான் நினைப்பேன்.

நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்தால், நடந்தது உண்மையான காயம் என்று பொருள். அதற்குப் பிறகு கத்தாமல் இருங்கள்.

எதை வைத்து ஒரு போட்டியை நல்லது என்கிறீர்கள்?

அடிப்பவரை விட்டுவிட்டு, அடி வாங்குபவரைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த முழு விசயமும் இதுதான். கீழே எழுதியிருப்பதெல்லாம் இதற்கான உதாரணங்கள்.

அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதைச் "செல்லிங்" என்பார்கள். வாங்கிய அடியைச் சனத்திடம் விற்பது. ஐந்தாவது நிமிடத்தில் ஒருவரின் முழங்காலில் அடி விழுகிறது என்று வையுங்கள். பதினைந்தாவது நிமிடத்தில் அவர் எதிரியைத் தூக்க முயலும்போது அந்த முழங்கால் மடங்க வேண்டும். வென்ற பிறகும் அவர் நொண்டிக்கொண்டுதான் போக வேண்டும். நடுவில் அதை மறந்து ஓடித் திரிந்தால், அதுவரை பார்த்த அடிக்கெல்லாம் ஒரு பொருளும் இல்லாமல் போய்விடும். அடிப்பவர் எவ்வளவு பலசாலி என்பதை அடி வாங்குபவரின் முகத்தில்தான் நாங்கள் பார்க்கிறோம்.

1997 மார்ச் 23, சிக்காகோவுக்குப் பக்கத்தில் நடந்த றெஸ்ல்மேனியா 13. றெஸ்ல்மேனியா என்பது அந்த நிறுவனம் வருடத்துக்கு ஒரு தடவை நடத்தும் மிகப் பெரிய நிகழ்ச்சி. பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும் மோதுகிறார்கள். ஒருவர் "போதும்" என்று சொன்னால்தான் போட்டி முடியும். உள்ளே போகும்போது பிரெட் சனத்துக்குப் பிடித்தவர், ஆஸ்டின் கெட்டவர். கடைசியில் பிரெட் தன்னுடைய கால்பூட்டைப் போட்டு ஆஸ்டினின் முதுகை வளைக்கிறார். ஆஸ்டினின் நெற்றியிலிருந்து வடிந்த இரத்தம் முகம் முழுக்க, பல்லுக்கு இடையிலும். கத்துகிறார், தரையை உந்தி எழும்பப் பார்க்கிறார், ஆனால் "போதும்" என்ற சொல் வரவில்லை. நினைவு தப்பிப் போகிறார். நடுவர் போட்டியை நிறுத்துகிறார். பிரெட் அதற்குப் பிறகும் விடாமல் அடிக்கிறார். ஆஸ்டின் எழும்பி, உதவிக்கு வந்தவரைத் தள்ளிவிட்டு, தானே தள்ளாடி நடந்து போகிறார்.

தோற்றவர் ஆஸ்டின். ஆனால் சனம் அவரின் பெயரைத்தான் கத்தியது. ஒரே போட்டியில் நல்லவர் கெட்டவராகவும் கெட்டவர் நல்லவராகவும் மாறினார்கள். அதை ஒலிவாங்கியில் யாரும் பேசிச் செய்யவில்லை. ஒருவர் எப்படி அடி வாங்கினார், மற்றவர் எப்போது நிறுத்தாமல் விட்டார் என்பதாலேயே நடந்தது. முதல் தடவை பார்த்தபோது நான் எழும்பி நின்றிருக்கிறேன், எப்போது எழும்பினேன் என்று தெரியாது.

ஒரு போட்டிக்குள் என்ன ஒழுங்கு இருக்கிறது?

பழைய ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் நல்லவரின் கை ஓங்கும். பிறகு கெட்டவர் அளாப்பி, அதாவது நடுவர் பார்க்காத நேரம் கண்ணில் குத்தியோ கயிற்றைப் பிடித்தோ, ஆட்டத்தைத் தன் பக்கம் எடுப்பார். அதற்குப் பிறகு நல்லவர் நீண்ட நேரம் அடி வாங்குவார். நடுவில் ஒரு தடவை எழும்புவார், உடனே திரும்ப விழுவார். சனம் பொறுக்க முடியாமல் போகும் நேரத்தில்தான் உண்மையாக எழும்புவார். அங்கிருந்து முடிவுவரை ஓட்டம்.

அந்த முதல் எழும்பல் தோற்கிறதே, அதைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் இரண்டாவது எழும்பலுக்குச் சத்தம் வராது. சின்ன வயதில் கிளித்தட்டு விளையாடும்போது யாராவது அளாப்பினால் எங்களுக்கு எவ்வளவு கோபம் வரும்? அந்தக் கோபத்தைத்தான் கெட்டவர் சம்பாதிக்கிறார். அவருக்கு அதுதான் வேலை, நல்ல கெட்டவர் கிடைப்பது நல்ல நல்லவர் கிடைப்பதைவிடக் கஷ்டம்.

நல்லவர், கெட்டவர் கட்டாயம் இருக்க வேண்டுமா?

மெக்சிக்கோவில் அது பெயரோடேயே இருக்கிறது. ஒழுங்காக ஆடுபவர்கள் தெக்னிக்கோ, அளாப்பி ஆடுபவர்கள் ரூடோ. அங்கே முகமூடிக்கு இருக்கும் மதிப்பைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எல் சாந்தோ என்ற பெரிய வீரரை 1984இல் முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள். அதனால்தான் 1997இல் ரே மிஸ்டீரியோ தன் முகமூடியைப் பந்தயம் வைத்து எடி கெரேரோவோடு ஆடியபோது, எடி அந்த முகமூடியைக் கிழிக்கத் தொடங்கினதும் பார்ப்பவருக்கு நெஞ்சு பதறுகிறது.

ஆனால் சில நேரம் யார் நல்லவர் என்பதைச் சனமே தீர்மானித்துவிடும். 2002 மார்ச் 17, டொரொன்டோ. ரொக் நல்லவர், ஹல்க் ஹோகன் கெட்டவர் என்றுதான் கதை. மணி அடித்த கணத்திலிருந்து அரங்கம் ஹோகனுக்குக் கத்தியது. சின்ன வயதில் அவரைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். இரண்டு பேரும் அதைக் கேட்டு, நின்ற இடத்திலேயே பாத்திரத்தை மாற்றிக்கொண்டார்கள். ரொக் கெட்டவர்போல ஆடத் தொடங்கினார். அடியைப் பார்த்தால் அது ஒரு சாதாரணமான போட்டிதான், ஹோகனுக்கு அப்போது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. ஆனால் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள். விசுவமடுவில் மாட்டுவண்டிச் சவாரி பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். சனமும் ஆட்டத்துக்குள் ஓடுகிற சத்தம் அது.

வரும்போது போடும் பாட்டும் வெளிச்சமும் தேவையா? நேரம்தானே வீணாகிறது.

கூத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரவு இல்லையா? அரசன் வரவு வேறு, கட்டியகாரன் வரவு வேறு. பாட்டும் மத்தளமும் கேட்ட உடனேயே யார் வருகிறார், எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். அண்டர்டேக்கருக்கு ஒரு மணிச் சத்தம், பிறகு இருட்டு, பிறகு அந்த மெதுவான நடை. அவர் ஒரு அடிகூட அடிக்கவில்லை, எதிரி ஏற்கனவே பயந்துவிட்டார். ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள்.

ஏணி, மேசை, கதிரை, கூரையிலிருந்து குதிப்பது… இவை அதிகம் இருந்தால்தானே நல்ல போட்டி?

பெடியள் எல்லோரும் கேட்பது இதைத்தான். நானும் அந்த வயதில் அப்படித்தான் நினைத்தேன்.

1998 ஜூன் 28ஆம் திகதி பிட்ஸ்பேர்க்கில் அண்டர்டேக்கர் மன்கைண்டைப் பதினாறு அடி உயரக் கூண்டின் மேலிருந்து மேசைக்கு எறிந்தார். எல்லோரும் கைபேசியில் வைத்திருக்கும் காட்சி அது. அதற்குப் பிறகு மன்கைண்ட் திரும்பக் கூண்டின் மேல் ஏறினார். இந்த முறை கூரைக் கம்பி விட்டுக்கொடுத்து, நேரே கோதாவுக்குள் விழுந்தார். அது திட்டத்தில் இருக்கவில்லை. அந்தப் போட்டியை நான் மதிக்கிறேன், ஆனால் திரும்பத் திரும்பப் பார்க்க மனம் வருவதில்லை. ஒரு மனிதர் செத்துவிடுவாரோ என்ற பயத்தோடு பார்ப்பது வேறு மாதிரியான பார்வை.

1994 மார்ச் 20ஆம் திகதி நியூயோர்க்கில் ஷோன் மைக்கல்ஸும் ரேஸர் ராமோனும் ஆடிய ஏணிப் போட்டியில் இருந்தது ஒரே ஒரு ஏணிதான். மேலே தொங்கும் இரண்டு சம்பியன் பட்டிகளையும் ஏறி எடுக்க வேண்டும். ஏணி நடுவில் நின்றாலே ஒருவர் தோற்கப் போகிறார் என்று பொருள். அதனால் ஏணியை ஒருவர் தொடும்போதே சனம் எழும்புகிறது. இப்போதெல்லாம் ஒரு போட்டியில் எட்டு ஏணி, ஆறு மேசை. நாலாவது மேசை உடையும்போது யார் முதல் மேசையை நினைவில் வைத்திருக்கிறார்?

நீளமான போட்டிதான் நல்ல போட்டியா?

கிடையாது. ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் 1987இல் றெஸ்ல்மேனியா 3இல் ஆடியது ஏறக்குறைய பதினைந்து நிமிடம்தான். இன்றைக்கும் அதைவிட இறுக்கமாகக் கட்டிய போட்டி அதிகம் இல்லை. கசுச்சிகா ஒக்காடாவும் கென்னி ஒமேகாவும் 2017 ஜனவரி 4ஆம் திகதி டோக்கியோ டோமில் ஆடியது நாற்பத்தாறு நிமிடத்துக்கு மேல், அதிலும் ஒரு நிமிடத்தை வெட்ட எனக்கு மனம் வராது.

அதே றெஸ்ல்மேனியா 3இல் ஹோகனும் அந்த்ரே த ஜயன்ட்டும் ஆடிய போட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டமாகப் பார்த்தால் மிக மெதுவானது. அந்த்ரேயின் உயரம் ஏழு அடி நாலு அங்குலம், நிறை ஐந்நூற்றிருபது இறாத்தல் என்று விளம்பரப்படுத்துவார்கள். றெஸ்லிங் காட்ஸ் விளையாடிய எங்களுக்கு அந்தக் காட் கிடைத்தால் கொண்டாட்டம். ஆனால் அன்று அவர் முதுகில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர், உடைக்குள்ளே முதுகுப்பட்டி கட்டியிருந்தார், நடப்பதே கஷ்டம். ஹோகன் அவரைத் தூக்கி நிலத்தில் போட்ட காட்சியை உலகம் முழுக்கப் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த்ரே விட்டிருக்காவிட்டால் அந்தத் தூக்கு நடந்திருக்காது. அந்த வலியோடு தன் உடம்பைக் கொடுத்து இன்னொருவரைப் பெரிய ஆளாக்கினார். அதைத் தெரிந்துகொண்டு திரும்பப் பாருங்கள், தூக்கியவரைப் பார்க்கவே மாட்டீர்கள்.

அண்டர்டேக்கர் – ஷோன் மைக்கல்ஸ் போட்டியை ஏன் எப்போதும் சொல்கிறீர்கள்?

றெஸ்ல்மேனியா 25. 2009 ஏப்ரல் 5, ஹியூஸ்டன். எங்களுக்கு அது ஏப்ரல் 6 விடியற்காலை.

அந்த நாட்களில் நாங்கள் மாத்தளன் கரையில், தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். அதைப் பற்றி இந்த இடத்தில் எழுதப் போவதில்லை. போட்டியை நான் பார்த்தது 2011இல், ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, வவுனியாவில் வாங்கிய ஒரு சீடியில். உறையில் இருந்த திகதியைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சீடியைப் போடாமல் வைத்திருந்தேன்.

ஷோன் வெள்ளை உடையில் மேலிருந்து இறங்குகிறார். அண்டர்டேக்கர் கறுப்பில் நிலத்துக்குக் கீழிருந்து எழுகிறார். அதுவரை றெஸ்ல்மேனியாவில் அண்டர்டேக்கர் பதினாறு தடவை ஆடி பதினாறும் வென்றவர். நடுவில் அவர் கயிற்றுக்கு மேலால் வெளியே பாய்ந்து, பிடிக்க வேண்டியவர் சரியாகப் பிடிக்காமல், தலை நிலத்தில் பட விழுகிறார். பார்த்தவர்கள் எல்லோரும் முடிந்தது என்று நினைத்தார்கள். அவர் எழும்பி மிச்ச ஆட்டத்தை ஆடினார்.

ஆனால் நான் சொல்ல வருவது இன்னொரு இடம். அண்டர்டேக்கர் தன்னுடைய கடைசி ஆயுதத்தை, எதிரியைத் தலைகீழாகப் பிடித்து முழங்காலில் இறங்கும் டூம்ப்ஸ்டோனைப் போடுகிறார். இரண்டு தோளும் தரையில் பட்டபடி கிடக்க நடுவர் மூன்று எண்ணி முடித்தால் தோல்வி. ஒன்று, இரண்டு, ஷோன் தோளைத் தூக்கிவிடுகிறார். அந்த நேரம் அண்டர்டேக்கரின் முகத்தைப் பாருங்கள். கண் விரிந்து, வாய் திறந்து, இருபது வருடமாக ஒன்றுக்கும் அசையாத அந்த மனிதர் திகைத்துப்போய்க் கிடக்கிறார். அடி வாங்குவது என்று மேலே சொன்னேனே, இதுவும் அடி வாங்குவதுதான். ஷோன் தோளைத் தூக்கியது அவருக்கு விழுந்த அடி.

கடைசியில் ஷோன் மூலையிலிருந்து பின்பக்கமாகச் சுழன்று பாய்கிறார். அண்டர்டேக்கர் அவரை அந்தரத்திலேயே பிடித்து, அதே பிடியில் இரண்டாவது டூம்ப்ஸ்டோன். முடிந்தது. முப்பது நிமிடம் போனதே தெரியாது. அடுத்த வருடம் இரண்டு பேரும் திரும்ப ஆடினார்கள், தோற்றால் ஷோன் ஓய்வு பெற வேண்டும் என்ற பந்தயத்தோடு. தோற்றார். அது கதையாக இன்னும் சோகமானது. ஆட்டமாக எனக்கு முதலாவதுதான் மேல்.

உண்மையான சண்டையை இவ்வளவு பார்த்த எங்கள் ஊரில், பிள்ளைகள் இன்னொரு சண்டையை இருந்து ரசிப்பது சரியா?

இதை ஒரு அம்மா கேட்டார். எனக்கு மிகவும் மதிப்புள்ள கேள்வி இது.

அம்மா, நானும் இதை நிறைய நாள் யோசித்திருக்கிறேன். மேலே சொன்ன அந்த டூம்ப்ஸ்டோனையே எடுங்கள். தலைகீழாகப் பிடிக்கப்பட்டவரின் தலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிடித்தவரின் தொடைகளுக்கு நடுவில், அவரின் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. அதனால் அவர் முழங்காலில் இறங்கும்போது தலை தரையில் படாது. அந்தக் கழுத்து அவரின் பொறுப்பு. தூக்கப்படுபவர் தன் உயிரை எதிரியின் கையில் கொடுக்கிறார், எதிரி அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிறார். ஒரு போட்டியில் இது முப்பது நாற்பது தடவை நடக்கிறது. வெளியே பார்த்தால் கொலைவெறி, உள்ளே ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். முடிந்ததும் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகிறார்கள்.

நான் சண்டையைப் பார்க்கப் போனவன் இல்லை. இதைக் கண்ட பிறகுதான் என்னால் நிம்மதியாக இருந்து பார்க்க முடிந்தது. மற்றவர்களுக்கும் அப்படித்தான் என்று சொல்லமாட்டேன். சத்தமும் வெடியும் தாங்க முடியாதவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். வீரர் வரும்போது போடும் வாணவெடிக்கு என் சித்தப்பா இன்றும் எழும்பி வெளியே போவார். அவர் இருந்தால் நான் அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

பெண்களின் போட்டிகள் எப்படி?

2015 ஓகஸ்ட் 22, புரூக்ளின், பேய்லி – சாஷா பாங்ஸ். இதைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு கதைப்போம். சாஷா பூட்டுப் போட்டிருக்கிறார். பேய்லி கயிற்றைத் தொட்டால் தப்பலாம், காயப்பட்ட கையை நீட்டுகிறார். சாஷா பூட்டை விடாமலேயே அந்தக் கையைக் காலால் மிதிக்கிறார். அந்த இடத்தில் என் தங்கச்சி "ஐயோ" என்று கத்தியது பக்கத்து வளவுக்குக் கேட்டிருக்கும். முன்பு பெண்களுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கொடுப்பார்கள், அதற்குள் யாரால் என்ன செய்ய முடியும்? நேரம் கொடுத்த பிறகு அவர்கள் செய்து காட்டினார்கள். 2019இல் றெஸ்ல்மேனியாவின் கடைசிப் போட்டியே பெண்களுடையது.

தம்பி, தாராசிங் – கிங்கொங் காலத்து மல்யுத்தத்துக்கு இது கிட்ட வருமா?

ஐயா, அந்தப் போட்டிகளை நீங்கள் பேப்பரில் வாசித்து வளர்ந்தவர்கள், நான் கேட்டு வளர்ந்தவன். பருமனான வெளிநாட்டுக்காரரும் எங்கள் பக்கத்து வீரரும் மோதுவது என்ற கதையே எவ்வளவு நல்ல கதை! 1968இல் பம்பாயில் தாராசிங் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டம் எடுத்தார். இன்று நான் பார்ப்பதும் அதே மரத்தின் கிளைதான்.

இந்தியாக்காரர் யாரும் இல்லையா?

இமாச்சலப் பிரதேசத்தின் கிரேட் காளி 2007இல் பட்டம் வென்றார். பஞ்சாபிக் குடும்பத்தில் கனடாவில் பிறந்த ஜிந்தர் மஹால் 2017இல் வென்றார். பெருமைதான். ஆனால் நல்ல போட்டி எது என்ற கேள்விக்கு அவர்களின் போட்டிகளை நான் காட்டமாட்டேன். காளியின் உயரம் ஆச்சரியம், அந்த உடம்போடு விழுந்து எழும்புவது அவருக்குப் பெரும் கஷ்டமாக இருந்தது.

இங்கிலீஷ் விளங்காது. அப்படியே பார்த்தால் விளங்குமா?

பார்ப்பதற்கு மொழி தேவையில்லை. எனக்கு ஜப்பான் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது, மிசாவாவும் கவாடாவும் 1994 ஜூன் 3ஆம் திகதி ஆடிய போட்டியில் எனக்கு விளங்காதது ஒன்றும் இல்லை. ஆனால் முன்கதையை யாரிடமாவது கேட்டுவிட்டுப் பாருங்கள். சாவேஜ் முன்பு ஒரு தடவை மணியால் ஸ்டீம்போட்டின் தொண்டையைக் காயப்படுத்தியவர் என்று தெரிந்தால்தான், அவர் திரும்ப அந்த மணியை எடுக்கும்போது உங்களுக்கு நெஞ்சு அடிக்கும்.

பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கிறார்கள். என்ன செய்வது?

செய்ய விடாதீர்கள். நாங்கள் வயலில் வைக்கல் கும்பியின் மேல் செய்தோம், மெத்தைதானே என்று. என் மச்சானின் தோள்மூட்டு விலகி, அந்தப் போகம் முழுக்க அவனால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. பிள்ளையிடம் "பொய்யடா அது" என்று சொல்லாதீர்கள், பொய் என்றால் தனக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைப்பான். விழுவதற்கு மட்டுமே மாதக் கணக்கில் பழகுகிறார்கள் என்று சொல்லுங்கள். ஆஸ்டினின் கழுத்தைப் பற்றிச் சொல்லுங்கள். இருபது வருடம் பழகியவர்களுக்கே ஒரு அங்குலம் தவறினால் என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்கு விளங்கும்.

புதிதாகப் பார்ப்பவர் எதில் தொடங்கலாம்?

சாவேஜ் – ஸ்டீம்போட்டில் தொடங்குங்கள், சின்னது, தெளிவானது. அப்புறம் 1994இல் பிரெட்டும் அவரின் தம்பி ஓவனும் ஆடியது. தம்பி அண்ணனை நேராகவே வெல்கிறார், அன்றிரவே அண்ணன் உலகப் பட்டம் எடுக்கிறார், எல்லோரும் அவரைத் தோளில் தூக்குகிறார்கள், தம்பி தூரத்தில் நின்று பார்க்கிறார். கூடப்பிறந்தவர்கள் இருக்கும் எல்லோருக்கும் அந்தப் பார்வை தெரியும். அதற்குப் பிறகு பிரெட் – ஆஸ்டின். பேய்லி – சாஷா. பிறகு ஷோன் – அண்டர்டேக்கர். கடைசியாக, இவ்வளவும் பார்த்து முடித்த பிறகு மட்டும், 2014இல் பிரொக் லெஸ்னர், அதுவரை றெஸ்ல்மேனியாவில் தோற்றிராத அண்டர்டேக்கரை வென்ற போட்டி. ஆட்டம் நன்றாக இல்லை. ஆனால் மூன்று என்று எண்ணி முடித்ததும் அந்தப் பெரிய அரங்கம் அமைதியாகிறதே, அந்த முகங்களை நீங்கள் பார்க்க வேண்டும்.

நேரடியாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு: றெஸ்ல்மேனியா இப்போது இரண்டு நாள் நடக்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு 7 மணிக்குத் தொடங்கினால் எங்களுக்கு விடிய 4.30. எங்கள் வீட்டுப் படலை நாலு மணிக்கே திறந்திருக்கும். பிளேன்ரீ இருக்கும், கதிரை பத்துத்தான் இருக்கிறது, பிந்தி வருபவர்கள் பாயில் இருக்க வேண்டும்.